பழைய ஹோண்டா சிவிக் ஆட்டோமேட்டிக்: கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றும் முறை

2006-ல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிவிக், 1.8 லிட்டர் இன்ஜினும் 5 கியர் ஆட்டோமேட்டிக்கும் கொண்டது, இன்னும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு மூன்று கை மாறி வந்த வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயில் கடைசியாக எப்போது மாறியது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். கியர்பாக்ஸ் போய்விட்டால் ஆகும் செலவு, பழைய சிவிக்கின் விலையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும்.

வேலை என்னவோ எளிதுதான். ஆயிலை வடிக்கக் கழற்ற வேண்டியது ஒரே ஒரு டிரெயின் போல்ட். இந்த கியர்பாக்ஸில் அடித்தட்டும் கிடையாது, அதற்கான கேஸ்கெட்டும் கிடையாது. ஃபில்டர் உள்ளே புதைந்திருக்கும். கியர்பாக்ஸைப் பிரிக்காமல் அதைத் தொட முடியாது, ஆயில் மாற்றும்போது தொட வேண்டிய அவசியமும் இல்லை. தவறு நடப்பதெல்லாம் ஆயிலைத் தேர்ந்தெடுப்பதிலும் அளவு பார்ப்பதிலும்தான்.

வண்டியில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக்?

கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டியும் ஒன்றல்ல. 2014-ல் மாருதி செலேரியோ கொண்டுவந்த ஏஎம்டி, அடிப்படையில் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் இயந்திரக் கை ஒன்று இயக்குகிறது. அதில் ஊற்றுவது மேனுவல் கியர் ஆயில். சிவிடி வகையில் இரும்புப் பெல்ட் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும். அதற்கென்று தனி ஆயில் இருக்கிறது. 2014-ல் வந்த ஹோண்டா சிட்டியின் ஆட்டோமேட்டிக் அந்த வகை. அதில் இங்கே சொல்லப்படும் ஆயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கி கியர்பாக்ஸ் நாசமாகும்.

இங்கே பேசுவது டார்க் கன்வெர்ட்டரும் (இன்ஜின் சக்தியை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) கிளட்ச் பிளேட் அடுக்குகளும் கொண்ட ஆட்டோமேட்டிக்கைப் பற்றி. 2006 முதல் விற்ற இந்த சிவிக்கும், 2008-ல் வந்த சிட்டியின் 5 கியர் ஆட்டோமேட்டிக்கும் இந்த வகை. இரண்டுக்கும் முறை ஒன்றே, ஊற்றும் அளவு மட்டும் மாறும். சிட்டிக்கான அளவை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் சிவிக்குக்கு உரியவை.

ஆயில் ஏன் கெடுகிறது, கெட்டால் என்ன ஆகும்?

மற்ற ஆட்டோமேட்டிக்குகளில் இருக்கும் கோள் அமைப்புப் பல்சக்கரங்கள் இந்த ஹோண்டா கியர்பாக்ஸில் இல்லை. மேனுவல் போல இணையான தண்டுகளில் கியர்கள் கோத்திருக்கும். எந்த கியர் வேண்டுமோ அதற்கான கிளட்ச் அடுக்கை ஆயில் அழுத்தம் இறுக்கிப் பிடிக்கும். இன்ஜின் சக்தியை டார்க் கன்வெர்ட்டர் வழியாகக் கடத்துவதும், கிளட்சை அழுத்துவதும், பிளேட்டுகள் அளவோடு வழுக்கிப் பின் கவ்வ விடுவதும், உராய்வையும் சூட்டையும் குறைப்பதும் எல்லாம் ஒரே ஆயில்தான். பிளேட் எவ்வளவு வழுக்கலாம், எப்போது கவ்வ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ரசாயனங்கள் அந்த ஆயிலில் கலந்திருக்கின்றன. சூட்டில் முதலில் தேய்ந்துபோவது அவைதான். ஆயில் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வேலை மட்டும் செய்யாது.

நகர நெரிசலில் நின்று நின்று போகும் வண்டியில் டார்க் கன்வெர்ட்டர் ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருப்பதால் சூடு அதிகம். சென்னை வெயிலில், அண்ணா சாலை சிக்னல்களில் ஓடும் சிவிக்கும் தேசிய நெடுஞ்சாலையில் சீராக ஓடும் சிவிக்கும் ஒரே கிலோமீட்டரைக் காட்டினாலும் ஆயில் ஒரே நிலையில் இருக்காது. நெரிசல் ஓட்டத்துக்கு 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நியாயமான கணக்கு. ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று யார் சொன்னாலும், பத்து வருடம் தாண்டிய வண்டி விஷயத்தில் அதைக் கேட்காதீர்கள்.

அறிகுறிகள் தெளிவானவை. மணிக்கு 60-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது, மேடு பள்ளச் சாலையில் போவதுபோல் வண்டி சில விநாடி அதிரும். டார்க் கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் லாக்-அப் கிளட்ச் ஒழுங்காகக் கவ்வாததால் வருவது அது. புதிய ஆயிலில் பெரும்பாலும் சரியாகிவிடும். காலையில் முதல்முறை ரிவர்ஸ் போட்டதும் ஒன்றிரண்டு விநாடி கழித்து ‘டக்’ என்று பிடிப்பதும், இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது இடிப்பதும் மற்ற அடையாளங்கள்.

கை வைப்பதற்கு முன்

ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். புதிய ஆயில் நல்ல சிவப்பு. பழுப்பாக இருந்து தீய்ந்த வாடை இல்லையென்றால் வெறுமனே பழையது, மாற்றினால் போதும். கறுத்துப்போய், கருகிய நெடி அடித்து, காகிதத்தில் பொடிப்பொடியாகத் தங்கினால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. ஆயில் மாற்றித் தேய்ந்த பிளேட்டைத் திரும்ப வளர்க்க முடியாது. இளஞ்சிவப்பில், பால் கலந்ததுபோல் கலங்கியிருந்தால் கூலன்ட் உள்ளே புகுந்திருக்கிறது. அப்படியானால் வண்டியை ஓட்டவே வேண்டாம். ஆயில் மாற்றுவதற்கு முன் கசிவைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், இல்லையென்றால் புதிய ஆயிலும் பாலாகிவிடும்.

மீட்டரில் டி விளக்கு விட்டுவிட்டு எரிகிறதா என்றும் கவனியுங்கள். ஹோண்டாவில் அது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் பழுதைப் பதிந்துவைத்திருப்பதன் அடையாளம். முதலில் ஸ்கேனர் போட்டு அந்தப் பழுதுக் குறியீட்டைப் படியுங்கள். சென்சாரோ, மின்சாரத்தில் ஆயில் வழியைத் திறந்து மூடும் சொலினாய்டோ போயிருக்கும்போது ஆயில் மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வரை மாற்றாமல் விட்ட கியர்பாக்ஸில் ஆயிலை மாற்றினால் உடனே படுத்துவிடும் என்ற பயம் மெக்கானிக்குகளிடம்கூட உண்டு. அந்தப் பேச்சில் வரும் வண்டிகளைக் கேட்டுப் பார்த்தால், வழுக்க ஆரம்பித்த பிறகு கடைசி முயற்சியாக ஆயில் மாற்றியவையே அதிகம். மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவும் ஃபிளஷ் முறையைப் பழைய வண்டிக்கு நாங்கள் சொல்ல மாட்டோம். அடியில் படிந்த அழுக்கைக் கிளப்பி, ஆயில் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு பாடியின் நுண்ணிய துளைகளுக்குள் அது கொண்டுபோய்ச் சேர்க்கலாம். வடித்துவிட்டு ஊற்றுவது மென்மையான முறை. ஒரு தடவையில் பாதிகூட மாறாது என்பதே அதன் நன்மை.

வாங்க வேண்டியவை

இந்த சிவிக் வந்தபோது ஹோண்டா சொன்ன ஆயில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) இசட்-1. பிறகு அதற்குப் பதிலாக டிடபிள்யூ-1 வந்தது. இசட்-1 கேட்கும் எல்லா வழக்கமான ஹோண்டா ஆட்டோமேட்டிக்கிலும் டிடபிள்யூ-1 ஊற்றலாம், உள்ளே மிச்சமிருக்கும் பழைய ஆயிலோடு கலந்தாலும் பாதகமில்லை. இசட்-1 டப்பா எங்காவது கிடைத்தாலும் டிடபிள்யூ-1-தான் வாங்குங்கள். சூட்டை அதிகம் தாங்கும். கடைக்காரர் டெக்ஸ்ரான் என்ற வேறு வகை ஏடிஎஃபை எடுத்துக் கொடுத்து, எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இதுதான் என்றால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். டெக்ஸ்ரானின் உராய்வுத் தன்மை வேறு. ஹோண்டா கிளட்ச் அதில் இடிக்கும், அதிரும். போலி டப்பாக்களும் சந்தையில் உலவுவதால், ஹோண்டா உதிரிபாக கவுன்ட்டரிலோ அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடமோ பில்லோடு வாங்குவது நல்லது.

ஒரு தடவை வடித்தால் வருவது 2.4 லிட்டர். கியர்பாக்ஸ், டார்க் கன்வெர்ட்டர், குழாய்கள் எல்லாம் சேர்ந்து உள்ளே இருப்பது சுமார் 6 லிட்டர். மூன்று தடவைக்கு 7.2 லிட்டர் ஆகும். எட்டு லிட்டராக வாங்கிவிட்டால் சிந்தியதற்கும் சரிக்கட்டுவதற்கும் போதும்.

டிரெயின் போல்ட்டுக்கு 18 மி.மீ. அலுமினிய வாஷர் மூன்று வாங்குங்கள், தடவைக்கு ஒன்று. உதிரிபாக எண் 90471-பிஎக்ஸ்4-000. நசுங்கி அடைப்பது அதன் வேலை, ஒருமுறை நசுங்கியது மறுமுறை ஒழுங்காக அடைக்காது. சில ரூபாய்ப் பொருளை மிச்சம் பிடித்துவிட்டு, கசிவை நிறுத்த போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கி, அலுமினிய உடம்பின் மரையைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

கருவிகளில் முக்கியம் 3/8 அங்குல ராட்செட். டிரெயின் போல்ட்டின் தலையில் சதுரக் குழி இருக்கும். சாக்கெட் எதுவும் மாட்டாமல் ராட்செட்டின் சதுர முனையையே நேராக அதில் நுழைக்க வேண்டும். இறுகிய போல்ட்டைத் திறக்க அதே அளவில் நீளக் கைப்பிடி ஒன்று, சொன்ன பலத்துக்கு அளந்து இறுக்க டார்க் ரென்ச் ஒன்று. ஐந்து லிட்டருக்குக் குறையாத ட்ரே, லிட்டர் கோடு போட்ட ஒரே மாதிரியான இரண்டு கேன், முனையில் மெல்லிய நீளக் குழாய் செருகிய புனல், கையுறை, கண்ணாடி ஆகியவையும் வேண்டும். துடைக்கப் பனியன் வேஸ்ட் எடுக்காதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் அதுதான் வழக்கம் என்றாலும், அதிலிருந்து உதிரும் நூல் உள்ளே போனால் வால்வில் சிக்கும். நூல் பிரியாத துணியாகவோ கெட்டியான டிஷ்யூவாகவோ இருக்கட்டும்.

வண்டியைத் தூக்குதல்

பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். ஆயில் வெதுவெதுப்பானால் சீக்கிரம் வடியும், அடியில் படிந்த பொடியும் கூடவே வரும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்த உடனே கழற்றினால் கை வெந்துவிடும். சைலன்சர் குழாயும் பக்கத்திலேயே இருக்கிறது.

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். மண் தரையிலும், வெயிலில் இளகிய தார்த் தரையிலும் ஸ்டாண்ட் புதையும். லிவரை பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்கள் இரண்டுக்கும் கட்டை கொடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, முன் சக்கரங்களுக்குப் பின்னால் கதவுக்குக் கீழ் விளிம்பில் உள்ள பலப்படுத்திய இடங்களில் ஜாக்கி ஸ்டாண்டு வைத்து இறக்குங்கள். இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வேண்டும். வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டும்தான். அதை நம்பி ஒரு கையைக்கூட அடியில் விடாதீர்கள், செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் முட்டுக் கொடுக்காதீர்கள். அவை விரிசல் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும். ஸ்டாண்டில் ஏற்றிய பின் வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள், அசையாவிட்டால் மட்டும் உள்ளே போங்கள். ஸ்டாண்டு இல்லாதவர்கள் வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் குழியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அது இன்னும் வசதி, வண்டியும் மட்டமாகவே நிற்கும்.

வடித்தல்

நம் ஊர் வலதுகை ஓட்டு சிவிக்கில் இன்ஜின் ஓட்டுநர் பக்கம், கியர்பாக்ஸ் முன் பயணி பக்கம். அதனால் தேட வேண்டிய இடம் முன் இடது சக்கரத்துக்கு உட்புறம், கீழே. பிளாஸ்டிக் கீழ்த்தட்டு மறைத்தால் அதன் கிளிப்புகளையும் 10 மி.மீ. போல்ட்டுகளையும் கழற்றி ஓரத்தை இறக்குங்கள். சதுரக் குழி உள்ள போல்ட்தான் நமக்கு வேண்டியது. இன்ஜின் ஆயில் போல்ட்டின் தலை 17 மி.மீ. ஆறு முகம் கொண்டது. இந்த வித்தியாசத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒன்றை வடிக்கப் போய் இன்னொன்றை வடித்துவிட்டு, இன்ஜினில் ஆயில் இல்லாமலும் கியர்பாக்ஸில் இரட்டிப்பாகவும் வண்டியைக் கிளப்பிய சம்பவங்கள் உலகம் முழுக்க நடக்கின்றன. வெளியே வருவது சிவப்பா, சிவப்பு கலந்த பழுப்பா என்று முதல் விநாடியிலேயே பாருங்கள்.

கழற்றுவதற்கு முன் ஆயில் திரும்ப உள்ளே போகும் வழியைத் திறந்து வைப்பது அவசியம். பேட்டரிக்கும் ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் கீழே கியர்பாக்ஸின் தலையில் ஏடிஎஃப் என்று பொறித்த நிரப்பும் போல்ட் இருக்கும். அது அசைகிறதா என்று இப்போதே சோதியுங்கள். அசையாவிட்டாலும் வேலை நிற்காது, டிப்ஸ்டிக் ஓட்டை வழியாக ஊற்றலாம். ஆனால் இரண்டில் ஒன்று உறுதியான பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, அந்த இடத்தைச் சுற்றியுள்ள தூசியையும் துடைத்துவிடுங்கள்.

டிரெயின் போல்ட்டின் சதுரக் குழியில் சேறு அடைந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி, முனை முழு ஆழம் இறங்கும்வரை சுத்தம் செய்யுங்கள். பாதி இறங்கிய நிலையில் பலம் கொடுத்தால் குழியின் மூலைகள் உருண்டு வழுக்கிவிடும். அதற்கப்புறம் அந்தப் போல்ட்டை எடுப்பது தனி வேலை. கைப்பிடியை நேராக வைத்து, இழுத்து அதிராமல் சீராகப் பலம் கொடுங்கள். முதல் அசைவுக்குப் பின் விரலாலேயே கழலும். ஆயில் நேர் கீழே விழாமல் வெளிப்பக்கமாகப் பீய்ச்சும் என்பதால் ட்ரேயைச் சற்றுத் தள்ளி வையுங்கள். வடிய வடிய வளைவு குறையும், ட்ரேயையும் உள்ளே நகர்த்துங்கள். சொட்டு சொட்டாகும்வரை பதினைந்து நிமிடம் விடுங்கள்.

அந்தப் போல்ட்டின் முனையில் காந்தம் இருக்கிறது. அதில் ஒட்டியிருப்பதைத் துடைப்பதற்கு முன் பாருங்கள். விரலில் தேய்த்தால் மை போலப் படரும் சாம்பல் பசை வழக்கமான தேய்மானம். பல வருடம் மாற்றாத வண்டியில் காந்தமே தெரியாத அளவுக்கு மூடியிருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஊசி போன்ற துணுக்கோ, நகத்தில் நெருடும் உலோகச் சில்லோ இருந்தால் உள்ளே பேரிங்கோ பல்லோ உடைகிறது என்று பொருள். அதை எடுத்து வைத்துக் கியர்பாக்ஸ் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

காந்தத்தைச் சுத்தமாகத் துடைத்து, பழைய வாஷரை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். பழையது கியர்பாக்ஸ் உடம்பிலேயே ஒட்டியிருக்கக்கூடும். கவனிக்காமல் மேலேயே இன்னொன்றைப் போட்டால் கசியும். முதல் சில சுற்றுகளை விரலால் மட்டுமே ஏற்றுங்கள், மரை கோணலாக ஏறினால் கைக்கே தெரியும். பிறகு டார்க் ரென்ச்சில் 49 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் வேண்டாம்.

நிரப்புதல்

ட்ரேயில் வடிந்ததைக் கோடு போட்ட கேனில் ஊற்றி அளவு குறியுங்கள். 2.4 லிட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 1.8 லிட்டர்தான் வந்தது என்றால் முன்பே குறைவாக ஓடியிருக்கிறது, எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். 3 லிட்டர் வந்தால் யாரோ அதிகமாக ஊற்றிவைத்திருக்கிறார்கள். இரண்டு நிலையிலும் வடிந்ததைப் பார்த்து ஊற்றாமல் கையேட்டு அளவுக்கே போங்கள்.

முதலில் 2.2 லிட்டர் மட்டும் ஊற்றுங்கள், மிச்சம் டிப்ஸ்டிக் பார்த்துப் பிறகு. இன்னும் கொஞ்சம் ஊற்றுவது ஒரு நிமிட வேலை, அதிகமானதை எடுப்பதுதான் பாடு. நிரப்பும் போல்ட் வழியாக ஊற்றினால் நன்றாக இறங்கும். டிப்ஸ்டிக் ஓட்டை வழியாக என்றால் மெல்லிய நூலாக விட வேண்டும். அவசரப்பட்டால் எதிர்த்துப் பொங்கி வெளியே வழியும். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் அதையே கசிவு என்று நினைத்துக் குழம்புவீர்கள்.

வண்டியைத் தரையில் இறக்கி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடியே லிவரைப் பார்க்கிலிருந்து ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று ஒவ்வொன்றிலும் ஐந்து விநாடி நிறுத்தித் திரும்பப் பார்க்குக்குக் கொண்டுவாருங்கள். எங்கும் ஓட்டிப் போக வேண்டாம், அளவு இன்னும் பார்க்கவில்லை.

அளவு பார்த்தல்

இந்த வேலையில் அதிகம் பேர் தவறு செய்யும் இடம் இது. டொயோட்டா, ஹூண்டாய் போன்ற பல வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே ஏடிஎஃப் அளவு பார்ப்பார்கள். ஹோண்டாவில் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் அணைத்து 60 விநாடிக்குப் பின், 90 விநாடிக்குள். இன்ஜின் ஓடும்போது ஆயிலில் ஒரு பங்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும், நின்றதும் கீழே வடிந்து மட்டம் ஏறிக்கொண்டே போகும். டிப்ஸ்டிக்கில் கோடு போட்டது அந்த அரை நிமிட இடைவெளியைக் கணக்கில் வைத்துத்தான். ஓடும்போது பார்த்தால் குறைவாகக் காட்டும், நீங்கள் மேலும் ஊற்றிவிடுவீர்கள்.

சூடும் அதேபோல் முக்கியம். ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழல ஆரம்பிக்கும்வரை இன்ஜினை ஓட விடுங்கள். ஏசியை அணைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். ஏசி ஓடினால் இன்ஜின் சூடாகாமலேயே விசிறி சுழலும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. விசிறி இரண்டு தடவை சுழன்று நின்றபின் பார்த்தால் இன்னும் நிச்சயம். சூடாகாத ஆயிலில் அளவு பார்த்து மேல் கோடுவரை நிரப்பினால், சூடாகி விரியும்போது கோட்டைத் தாண்டிவிடும்.

அணைத்து, ஒரு நிமிடம் கடிகாரம் பார்த்து, டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, முழுசாக உள்ளே செருகி உடனே உருவிப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே, மேல் கோட்டுக்கு நெருக்கமாக இருப்பது சரி. இரண்டு பக்கமும் வேறு வேறாகக் காட்டினால் குழாய்ச் சுவரில் ஒட்டிய ஆயில் ஏமாற்றுகிறது. குறைவாகக் காட்டும் பக்கத்தை நம்புங்கள், அல்லது கால் மணி கழித்து முதலிலிருந்து செய்யுங்கள். குறைந்தால் 100 மில்லி, 100 மில்லியாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் இதே முறையில் பாருங்கள்.

ஆயில் குறைவானால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அழுத்தம் விழும், வளைவில் திரும்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் கிளட்ச் வழுக்கும். அதிகமானால் சுழலும் கியர்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் இருப்பதும் காற்றுதான், கிளட்ச் அதிலும் வழுக்கும்; காற்றுப்போக்கி வழியாக ஆயில் வெளியே தள்ளவும் செய்யும். கூடியதை எடுக்க டிரெயின் போல்ட்டைத் தொட வேண்டாம். பெரிய சிரிஞ்சில் மெல்லிய குழாய் செருகி டிப்ஸ்டிக் ஓட்டை வழியாக உறிஞ்சிவிடலாம்.

ஏன் மூன்று தடவை?

6 லிட்டரில் 2.4 லிட்டர் மாறினால் புதியது 40 சதவீதம். இரண்டாம் தடவை 64, மூன்றாம் தடவை 78. நான்காவது செய்தால் 87-தான் வரும், செலவுக்கு ஏற்ற பலன் இல்லை. கேட்க நன்றாக இருக்கும் 100 சதவீதம் இந்த முறையில் வராது, வர வேண்டியதும் இல்லை.

ஒரே நாளில் மூன்றையும் செய்யலாம். இடையில் எல்லா கியரும் விழும்படி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினால் பழையதும் புதியதும் கலந்துவிடும். ஆனால் எப்போது மாற்றினார்கள் என்றே தெரியாத வண்டியில் இடைவெளி விட்டுச் செய்வதே எங்கள் விருப்பம். முதல் தடவை மாற்றி 500 முதல் 1,000 கிலோமீட்டர் ஓட்டுங்கள். புதிய ஆயில் உள்ளே இருக்கும் அழுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கும், அடுத்த வடிப்பில் அது வெளியே போகும். காந்தத்தில் ஒட்டுவது தடவைக்குத் தடவை குறைகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி கிடைக்கிறது. குறையாமல் கூடினால் அதுவே எச்சரிக்கை. அடுத்தடுத்த சுற்றுக்கு 40,000 கிலோமீட்டரில் ஒரே ஒரு தடவை வடித்து ஊற்றிக்கொண்டே வந்தால் போதும்.

மாற்றிய அன்றிரவு வண்டிக்கு அடியில் பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சிவப்புச் சொட்டு தெரிந்தால் வாஷர் சரியாக உட்காரவில்லை. ஒரு வாரம் கழித்து அளவை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடித்தட்டு உள்ள வண்டிகள்

பழைய கொரோலா, நான்கு கியர் ஆட்டோமேட்டிக் உள்ள ஐ10 போன்றவற்றில் கியர்பாக்ஸுக்குக் கீழே ஆயில் பான் இருக்கும். அவற்றிலும் டிரெயின் போல்ட்டைக் கழற்றி வடித்து ஊற்றலாம். கொரோலாவின் ஃபில்டரை மாற்றவும் காந்தங்களைத் துடைக்கவும் அந்த அடித்தட்டை இறக்க வேண்டும். பான் போல்ட்டுகள் சிறியவை, மிகக் குறைந்த டார்க்கில், எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பலம் காட்டினால் பான் விளிம்பு வளைந்து, எவ்வளவு நல்ல கேஸ்கெட் போட்டாலும் ஒழுகும். ஆயிலும் வேறு: ஐ10-க்கு எஸ்பி-3. டொயோட்டாவில் வருடத்தைப் பொறுத்து டி-4 அல்லது டபிள்யூஎஸ். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. டிப்ஸ்டிக்கே இல்லாத டொயோட்டாக்களில் ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது வழிவுப் போல்ட்டைத் திறந்து அளவு பார்க்க வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் அந்த வெப்பநிலை தெரியாது என்பதால், இந்த வேலையைக் கற்றுக்கொள்ள அந்த வண்டியில் தொடங்காதீர்கள்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

மூன்று தடவைக்குச் சேர்த்து ஏழு லிட்டருக்கு மேல் கழிவு ஆயில் கையில் இருக்கும். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக்கூடாது. இந்தியாவின் 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் அடங்கும். புதிய ஆயில் வந்த டப்பாக்களிலேயே ஊற்றி மூடி, ஏடிஎஃப் கழிவு என்று எழுதி, கழிவு ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். மறுசுத்திகரிப்புக்கு அங்கிருந்து போகும். கூலன்டோ பெட்ரோலோ அதில் கலந்துவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எனவே ட்ரேயை ஒவ்வொரு வேலைக்கும் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள்.